சென்னையில் குழந்தைக்குத் தொடக்கப் பள்ளி தேடுகிறீர்களா? ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு இரண்டரை வயது தாண்டினாலே சென்னையில் கேள்வி ஆரம்பித்துவிடும். "எந்த ஸ்கூல் பார்த்து வச்சிருக்கீங்க?" கேட்பவர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார். அவர் சொல்லும் பள்ளியின் பெருமையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டாக இருக்கும். வாசலில் ஃபிளெக்ஸ் பேனர், அதில் முதல் மூன்று மதிப்பெண்காரர்களின் படம். நம் வீட்டுப் பிள்ளையோ இன்னும் தானாக ஜட்டி மாட்டத் தெரியாத வயதில் நிற்கும்.

இந்த வழிகாட்டி எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அந்த ஏழு வருடத்தில் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கணக்குப் போடவும், நான்கு பேரோடு பழகவும், பயமில்லாமல் கேள்வி கேட்கவும் பழக வேண்டும். அதற்கு ஏற்ற இடம் எது என்று மட்டும் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டியிருந்தால் அப்போது தேடிக்கொள்ளலாம். நீட், ஜே.இ.இ. எல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

முதலில் வயதும் காலண்டரும்

மாநில அரசின் கணக்குப்படி ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென ஒரு தேதி வைத்திருக்கும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேதிப்படி சேர்க்கலாம்தான். ஆனால் வகுப்பிலேயே சின்னப் பிள்ளையாக, மற்றவர்களைவிடப் பத்துப் பதினோரு மாதம் இளையவராக உட்கார வேண்டியிருக்கும். பேச்சு கொஞ்சம் தாமதம், பென்சில் பிடிப்பு இன்னும் வரவில்லை என்றால் ஒரு வருடம் பொறுத்துச் சேர்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று பெரியவர்கள் புலம்புவார்கள். புலம்பட்டும்.

விண்ணப்பம் எப்போது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பெயர் பெற்ற தனியார் பள்ளிகள் முந்தைய ஆண்டு நவம்பர், டிசம்பரிலேயே படிவம் கொடுத்து முடித்துவிடும். விஜயதசமி அன்று சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் சமீப ஆண்டுகளாக மார்ச் மாதமே சேர்க்கை தொடங்குகிறது. ஜூனில் போனாலும் இடம் கொடுப்பார்கள். கேந்திரிய வித்யாலயாவுக்கு மார்ச் வாக்கில் இணையத்தில் விண்ணப்பித்து, குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. எம்.பி. கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த ஒதுக்கீட்டை 2022-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆக, ஜூனில் சேர்க்க வேண்டுமென்றால் முந்தைய அக்டோபரிலேயே பார்க்கத் தொடங்குவது நல்லது.

தூரம்: மேப்பில் பார்க்காதீர்கள், காலை எட்டு மணிக்குப் பாருங்கள்

கூகுள் மேப்பில் மூன்று கிலோமீட்டர் என்று இருக்கும். அந்த மூன்று கிலோமீட்டரில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டுமா, ரயில் தண்டவாளம் குறுக்கே வருகிறதா, ஆற்காடு சாலை போல மெட்ரோ வேலை நடக்கும் பாதையா என்பதெல்லாம் மேப்பில் உறைக்காது. ஒரு திங்கள்கிழமை, பள்ளி தொடங்கும் நேரத்துக்கு, பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் வண்டியில் போய்ப் பாருங்கள். திரும்பி வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை வருடத்தில் 200 நாளுக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும். அப்புறம், நவம்பர் மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பள்ளி இருக்கும் தெருவில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று அங்கே பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பள்ளியில் கேட்டால் "தண்ணியே நிக்காது சார்" என்றுதான் பதில் வரும்.

என் கணக்கு இதுதான்: எல்.கே.ஜி. பிள்ளைக்கு வாசலிலிருந்து வாசலுக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அந்தப் பள்ளி ஏதாவது ஒரு காரணம் காட்ட வேண்டும். நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளியும், வேனில் ஒரு மணி நேரத்தில் பிரமாதமான பள்ளியும் இருந்தால், ஐந்து வயதுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளே வகுப்பிலும் இருப்பார்கள், சாயங்காலம் விளையாடவும் ஆள் கிடைக்கும். காய்ச்சல் என்று போன் வந்தால் பாட்டி நடந்தே போய் அழைத்துவந்துவிடுவார்.

வேன்தான் வழி என்றால் வண்டியை நேரில் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். 2012-ல் சென்னையின் தென்புறத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன்பிறகு வந்ததுதான் தமிழ்நாட்டின் பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகள்: மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, உடன் வரும் உதவியாளர். ஒவ்வொரு மே மாதமும் ஆர்.டி.ஓ. ஆய்வு நடக்கும். தனியார் ஆட்களே ஓட்டும் ஆம்னி வேன், ஷேர் ஆட்டோ என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "எத்தனை பிள்ளைங்க ஏறும் அண்ணே?" அவர் சொல்லும் எண்ணை நம்பாமல், மறுநாள் பள்ளி வாசலில் நின்று இறங்குகிறவர்களை எண்ணுங்கள்.

பணம்: முதல் வருடத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் இஷ்டப்படி ஃபீஸ் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இதில் அடக்கம். "கமிட்டி ஃபீஸ் ஆர்டர் பார்க்கலாமா?" என்று அலுவலகத்தில் கேளுங்கள். காட்டினால் நல்லது. முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே ஒரு தகவல்.

நடைமுறையில் கமிட்டி ஃபீஸுக்கு ரசீது வரும். அதற்கு மேல் புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஆண்டு விழா டிரெஸ் என்று வேறு வேறு பெயரில் வாங்குவார்கள். அதனால் போன வருடம் அங்கே படித்த பிள்ளையின் பெற்றோரிடம், "ஜூன்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மொத்தமா எவ்வளவு ஆச்சு, வேன் உட்பட?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

பிறகு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இன்று வருடத்துக்கு 60,000 ரூபாய், ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பில் அது 1,06,000-ஐத் தொடும். ஏழு வருட மொத்தம் ஏறக்குறைய 5 லட்சத்து 70 ஆயிரம். இரண்டாவது குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்து. இந்தத் தொகையைக் கடன் வாங்காமல், நகை அடகு வைக்காமல் கட்ட முடியுமா? முடியாது என்றால் நல்ல பள்ளியாக இருந்தாலும் அது உங்களுக்கான பள்ளி இல்லை. ஒவ்வொரு டெர்முக்கும் வீட்டில் சண்டை நடந்தால் பிள்ளைக்கும் அது தெரியத்தான் செய்யும்.

டொனேஷன் விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது. வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். அதே பிரிவு குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டுவதையும் தடுக்கிறது: முதல் முறை 25,000 ரூபாய், அடுத்து ஒவ்வொரு முறையும் 50,000. ஆனாலும் "சும்மா இன்டராக்ஷன்" என்ற பெயரில் மூன்று வயதுப் பிள்ளையிடம் நிறம் கேட்கும் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. புகார் கொடுப்பதா, வேறு பள்ளி பார்ப்பதா என்பது உங்கள் முடிவு. ரசீது இல்லாமல் மட்டும் எதுவும் கட்டாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் வரியில் கழிவு தரும். நன்கொடைக்கு அது கிடையாது.

என்னென்ன வகைப் பள்ளிகள்

மாநகராட்சி, அரசுப் பள்ளியை "அங்கேயா?" என்று பார்க்காமலே தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். ஒரு முறை போய்ப் பாருங்கள். பயிற்சி முடித்த ஆசிரியர்கள், புத்தகம், சீருடை எல்லாம் இலவசம், மதிய உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இப்போது இருக்கிறது. மதிய உணவின் வேரே சென்னையில்தான்: 1920 வாக்கில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் அதைத் தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழிப் பிரிவும் பல பள்ளிகளில் உண்டு. பார்க்க வேண்டியது: எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்? கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. மொத்தப் பிள்ளைகள் 60-க்குள் இருந்தால் இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துவதென்றால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் கலந்து உட்காரும். நல்ல ஹெச்.எம். இருந்தால் அதுவும் அழகாக நடக்கும், இல்லாவிட்டால் சிரமம்.

அரசு உதவி பெறும் பள்ளிகளைச் சென்னைக்காரர்கள் பாதிப்பேர் மறந்தே விட்டார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பழைய பகுதிகளில் நூறாண்டு கண்டவை உண்டு. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் தமிழ் வழியில் செலவு மிகக் குறைவு. அங்கேயே ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக இருக்கும், அதற்குக் கட்டணம் உண்டு. நகர்ப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் முதல் காலை உணவு வந்துவிட்டது.

தெருவுக்குள் இருக்கும் நர்சரி, பிரைமரி பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பலருக்கு அது குறையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் மட்டுமே இருக்கும் இடத்தில் ஹெச்.எம்.முக்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரிந்திருக்கும். மெட்ரிக் பள்ளி என்ற பெயர் பழைய வாசனைதான். 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கும் மாநிலப் பாடத்திட்டமே. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தனி ரகம், பெரும்பாலும் கூடுதல் ஃபீஸ். ஐந்தாம் வகுப்பு வரை எந்தப் பாடத்திட்டம் என்பது யார் நடத்துகிறார் என்பதில் பாதிகூட முக்கியமில்லை. அடிக்கடி மாநிலம் மாறும் வேலை என்றால் மட்டும் சி.பி.எஸ்.இ. வசதி.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதில் ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. 2020-ல் வந்த திருத்தப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் மாறினால் கிடைக்காது. வழியை ஒன்றாம் வகுப்பிலேயே தீர்மானிப்பதற்கு இப்படி ஒரு விளைவு இருப்பது பல பெற்றோருக்குப் பத்தாண்டு கழித்துத்தான் தெரிகிறது.

காகிதம் சரியாக இருக்கிறதா

2004 ஜூலை 16, கும்பகோணம். கூரை வேய்ந்த மாடி, குறுகலான படி, ஒரே கட்டடத்தில் அடைத்துவைத்த பிள்ளைகள். பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாவற்றையும் கண்டிப்பாகக் கேட்க ஆரம்பித்தார்கள். இவை இருந்தால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும். அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் அங்கீகார ஆணையில் எந்த வகுப்பு வரை, எந்தத் தேதி வரை என்று படித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான யூடைஸ் எண் கேளுங்கள். 11 இலக்கம், தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். அதை இணையத்தில் போட்டால் பள்ளியின் அடிப்படை விவரங்கள் வரும். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இன்னும் சுலபம்: ஆசிரியர் எண்ணிக்கை, சான்றிதழ்கள், கட்டணம் எல்லாவற்றையும் தன் இணையதளத்தில் கட்டாயமாக வெளியிட வேண்டும். "சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்" என்று பலகையில் போட்டுவிட்டு இணைப்பு எண்ணே இல்லாத பள்ளிகளும் உண்டு. எண் இல்லை என்றால் அது சி.பி.எஸ்.இ. பள்ளி இல்லை.

நேரில் போய்ப் பார்ப்பது

இதுதான் முக்கியமான கட்டம். மற்றதையெல்லாம் வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

இரண்டு தடவை போங்கள். முதல் தடவை உள்ளே போக வேண்டாம். பள்ளி விடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள்? வாட்ச்மேன் யார் வந்தாலும் அனுப்புகிறாரா, ஆளைப் பார்த்து அனுப்புகிறாரா? மிஸ் யாராவது வாசல் வரை வருகிறாரா? அங்கே காத்திருக்கும் அம்மாக்கள், தாத்தாக்களிடம் பேச்சுக் கொடுங்கள். "நல்ல ஸ்கூலாங்க?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார்கள், தாங்களே தேர்ந்தெடுத்த பள்ளியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேள்வியை மாற்றுங்கள். "இந்த வருஷம் உங்க பொண்ணுக்கு எத்தனை மிஸ் மாறினாங்கக்கா?" "கடைசியா நோட்டுல மிஸ் என்ன எழுதி அனுப்பினாங்க?" "டியூஷனுக்கு அனுப்புறீங்களா?" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் டியூஷன் போகிறார்கள் என்றால், சொல்லித்தரும் வேலை பள்ளிக்கு வெளியே நடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது தடவை, வேலை நாளில், வகுப்பு நடக்கும்போது உள்ளே. வரவேற்பறை மீன் தொட்டியையும் கோப்பைகளையும் விட்டுவிட்டு நேராக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பக்கம் போக அனுமதி கேளுங்கள். எல்.கே.ஜி. அறையை எல்லாப் பள்ளியும் பெயின்ட் அடித்து வைத்திருக்கும். இரண்டாம் வகுப்பில்தான் உண்மை தெரியும். தலைகளை எண்ணுங்கள். சுவரில் கடையில் வாங்கிய சார்ட் இருக்கிறதா, பிள்ளைகள் கிறுக்கியது ஒட்டியிருக்கிறதா? ஆசிரியர் கையில் ஸ்கேல் இருந்தால், அது கோடு போடவா என்று கவனியுங்கள். அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது.

ஒரு நோட்டைப் புரட்ட முடிந்தால் புரட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே வாக்கியம், முத்து முத்தான ஒரே கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக் என்றால், போர்டைப் பார்த்து எழுத வைத்திருக்கிறார்கள். தப்பாக எழுதி, மிஸ் அடியில் சரியாக எழுதிக் காட்டி, பிள்ளை மறுபடி எழுதிப் பார்த்திருக்கும் நோட்டு அவ்வளவு அழகாக இருக்காது. எனக்கு அந்த நோட்டுதான் பிடிக்கும். தமிழ் நோட்டையும் மறக்காமல் பாருங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், ஆனால் சில ஆங்கிலப் பள்ளிகளில் அதற்கு வாரத்தில் கிடைப்பது மீதி நேரம்தான்.

கழிப்பறையைப் பார்க்காமல் வராதீர்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் இருக்கிறதா, பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் எட்டுகிறதா, வாசலில் ஆயாம்மா இருக்கிறாரா? பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வீட்டுக்கு வரும் பெண் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். சாயங்காலம் நிரம்பிய தண்ணீர் பாட்டில் திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

ஹெச்.எம்.மிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. ஒன்றாம் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பிள்ளை வகுப்பில் நனைத்துவிட்டால் யார் மாற்றிவிடுவார்? தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் டி.டி.எட். அல்லது டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) முடித்தவர்களா? மூன்றாவதற்குக் காரணம், தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது; சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது தனிப் பயிற்சி. முதல் கேள்விக்கு "பேரன்ட்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுவோம்" என்பது மட்டுமே பதில் என்றால் யோசியுங்கள்.

வீட்டுப்பாடமும் கேளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளைக் குறித்து உத்தரவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு அந்த வகுப்புகளுக்குப் பை எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. வாசலில் ஒரு பிள்ளையின் பையைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

25 சதவீத இலவச இடம்

கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மை அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்குச் சாதிச் சான்று போன்றவை போதும். ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்.

வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம் திறக்கும். 2025-ல் மத்திய அரசின் நிதி வராத பிரச்சினையால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் இதை மட்டுமே நம்பி உட்காராமல் இன்னொரு பள்ளியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழு ஃபீஸ். புத்தகம், சீருடை, வேன் என்று நடுவிலும் பணம் கேட்கும் பள்ளிகள் உண்டு. சேரும் முன்பே, அங்கே இதே திட்டத்தில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசிவிடுங்கள்.

சேர்க்கும் நாள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, தடுப்பூசி அட்டை, போட்டோக்கள், நகல் இரண்டு செட். பிறப்புச் சான்றில் பெயர் ஏறாமல் வெறுமனே இருந்தால் இப்போதே ஏற்றுங்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

பெயரின் ஆங்கில எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எல்லாச் சான்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று படிவம் கொடுக்கும் முன் சரிபாருங்கள். இங்கே எழுதுவதுதான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை போகும். நியூமராலஜி பார்த்துக் கூடுதலாக ஓர் எழுத்து சேர்க்கிறவர்கள் அதை ஆதாரிலும் சேர்த்துவிட்டு வாருங்கள்.

சேர்த்த பிறகு

முதல் ஒரு மாதம் அழுகையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தீபாவளிக்குப் பிறகும் தினமும் காலையில் வயிற்றுவலி, திரும்பப் படுக்கையை நனைப்பது, மிஸ் பெயரைச் சொன்னாலே முகம் மாறுவது என்று இருந்தால் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். சத்தம் போட வேண்டாம். என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள். பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், நீங்களே உறுப்பினராகலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஐந்தாம் வகுப்புக்குள் மாற்றுவது சுலபம். பெரிய பள்ளிகளில் இடம் பிப்ரவரியிலேயே நிரம்பிவிடும், அதனால் டி.சி. கேட்கும் முன் புதிய இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். டி.சி.யில் ஃபீஸ் பாக்கி என்று எழுதக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டி.சி. தர இழுத்தடித்தாலும், அது வரும் வரை அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்குத் தடை கிடையாது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.